இல்லாத ஊரும் இருக்கின்ற ஊரும்

அரபுக் கவிதையை முறையாக ஓதத் தொடங்கும் மாணவன் எவனும் முதற்கண் ஒரு பாழிடத்தின் முன்னேதான் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறான். கூடாரங்களைப் பெயர்த்துக்கொண்டு ஒரு கூட்டம் என்றோ சென்றுவிட்டது. கரி படிந்த அடுப்புக் கற்களும், மழைநீர் வடிவதற்காகக் கூடாரத்தைச் சுற்றி வெட்டிய சிறு கால்வாயின் சுவடுமே எஞ்சி நிற்கின்றன. அவ்விடத்தில் வாகனத்தை நிறுத்திக் கவிஞன் அழுகிறான். ‘அத்லால்’ என்று பெயர்பெற்ற இத்துறையை இம்ரவுல் கைஸ் முதலான முஅல்லக்காக் கவிஞர் பலரும் பாடினர். இருபது ஆண்டுகள் கழித்து வந்தமையால் இடத்தை அடையாளம் காண்பதற்கே தாம் வருந்தியதாக ஸுஹைர் கூறுகிறார். பின்னர் அப்பாஸியர் காலத்தில் அபூ நுவாஸ் என்னும் குறும்பர் தோன்றி, பாழ்மனையைப் பார்த்து அழுகின்றவனை எள்ளி நகையாடினார். இவ்விரு கட்சியாருள் நாம் எக்கட்சி என்று முடிவுசெய்ய இயலாதவனாகச் சென்ற டிசம்பர் மாதத்துக் காலைப்பொழுது ஒன்றில், கர்நாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்து மலையூராகிய ஆகும்பேயில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் தேடிச் சென்றது ஆகும்பேயை அன்று, மால்குடியை.

‘மால்குடி டேஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரை நம் வாசகர்களுள் நாற்பது வயதைக் கடந்தோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். ஆர்.கே. நாராயணின் கதைகளைக் கொண்டு டி.எஸ். நரசிம்மன் தயாரிக்க, கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக் இயக்கிய அத்தொடர் 1986ஆம் ஆண்டில் தூர்தர்ஷனில் வரத் தொடங்கியது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் எடுக்கப்பட்ட அதில் முதலில் அமைந்தவை 39 பகுதிகள். நெடுங்காலத்திற்குப் பின், 2006ஆம் ஆண்டில், கவிதா லங்கேஷ் இயக்கத்தில் மேலும் 15 பகுதிகள் வந்தன. சுவாமி என்னும் சிறுவனாக மாஸ்டர் மஞ்சுநாத்தும், அவன் தந்தையாராகக் கிரீஷ் கர்னாடும் நடித்தனர். தொடக்கத்தில் தோன்றும் கோட்டோவியங்கள் நாராயணின் இளவல் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தவை. குழந்தைகளும் முணுமுணுத்துத் திரிந்த அந்த முகப்பு இசையை அமைத்தவர் எல். வைத்தியநாதன்; வயலின் மேதைகளான எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோரின் தமையனார். சங்கர் நாக், 1990ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், முப்பத்தைந்து வயதிலேயே, சாலை விபத்தில் இறந்தார்.

அத்தொடர் வந்த காலத்தில் நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த பதினாறு வயது மாணவன். விடுமுறைக்கு ஊர் வந்த நாட்களில்தான் பார்க்க வாய்த்தது. எங்கள் கடற்கரையூர்த் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடு ஒன்றே ஒன்று. அதன் திண்ணையை ஒட்டிய சன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கூட்டம் நிற்கும். எனக்கு இந்தி தெரியாது. பம்பாயில் ஒரு கடையில் ஏழாண்டு வேலை பார்த்துத் திரும்பியிருந்த என் காக்காவுக்குத் தெரியும். அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, திரையில் ஒருவர் பேசி முடித்ததும் காதருகே தமிழில் சொல்வார். சில வேளைகளில் பேச்சு நீண்டும் அவருடைய தமிழ் குறுகியும் இருக்கும். “அவ்வளவுதானா காக்கா?” என்று கேட்டால், “அவ்வளவுதான், பேசாமப் பாரு தம்பி” என்பார். சுவாமி என்ற அந்தச் சிறுவன் சொன்னவற்றில் எவ்வளவை நாராயண் எழுதினார், எவ்வளவை என் காக்கா இட்டுக்கட்டினார் என்பது, பின்னாளில் நான் ஆங்கிலம் பயின்று மூலத்தைப் படித்தபோதுதான் விளங்கிற்று.

காக்காவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: மால்குடி மெய்யாகவே உள்ள ஊர், மைசூர்ப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது, ஒருநாள் ரயிலேறிப் போய்ப் பார்க்கலாம். அது கற்பனையூர் என்று நான் பலமுறை எடுத்துரைத்தும் அவர் ஒப்பவில்லை. “கண்ணால் பார்த்ததை இல்லைங்கிறியே” என்பார். அவர் இறந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. எனவேதான் சென்றேன். ஆயினும் இக்கட்டுரை பயணக் கட்டுரையன்று. அவருடைய அந்த ஒரு வாக்கியத்திற்கு அன்று நான் கூற இயலாத மறுமொழியை இப்போதேனும் ஆராய்ந்து பார்ப்பதே என் நோக்கம்.

முதலில் நூலாசிரியர் என்ன கூறினார் என்பதைக் காண்போம். நாராயண் 1906ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த தமிழர். தம் வாழ்வின் பெரும்பகுதியை மைசூரில் கழித்தவர். 1930ஆம் ஆண்டு பெங்களூரில், பாட்டியார் குறித்துக் கொடுத்த ஒரு நல்ல நாளில் குறிப்பேடு ஒன்றை வாங்கி எழுத அமர்ந்தபோது, முதலில் தம் கண்முன் தோன்றியது ஒரு சிறிய ரயில் நிலையமே என்று தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். ஊர் பின்னர், நிலையம் முன்னர். அந்த முதல் நாவல் 1935ஆம் ஆண்டில் வெளிவந்தது. அன்று முதல் மால்குடி எங்கே என்ற வினா அவரை விட்டபாடில்லை. மல்லேஸ்வரம், பசவனகுடி என்னும் இரு பெயர்களைக் கூட்டிச் செய்தது என்பர் சிலர். லால்குடியின் சாயல் என்பர் வேறு சிலர். 1982ஆம் ஆண்டுக் கதைத் தொகுதியின் முன்னுரையில் அவரே இதற்கு விடை கூறுகிறார். எந்த வரைபடத்திலும் காணவியலாத கற்பனையூர் அது என்று கூறிய அதே மூச்சில், நியூயார்க் நகரத்தின் இருபத்து மூன்றாம் தெருவில் தாம் தங்கியிருந்த நாட்களில் அங்கும் மால்குடி மாந்தரைக் கண்டதாகக் கூறுகிறார்! கர்நாடகத்தில் தேடிச் சென்றவர்களுக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் என்ன இருக்கிறது?

எனினும், எங்கு வைத்தாலும் மால்குடி மால்குடிதான் என்று நாராயண் கருதியதாகவும் கொள்ளக்கூடாது. அவருடைய ‘கைடு’ நாவலைத் திரைப்படமாக்க வந்தவர்களுக்கு மைசூரைச் சுற்றியுள்ள ஊர்களையும் ஆற்றங்கரைகளையும் அவரே அழைத்துச் சென்று காட்டினார். அவர்கள் எல்லாவற்றையும் பார்த்து மகிழ்ந்துவிட்டு, படத்தை ராஜஸ்தானத்தில் உதயபுரி, ஜெய்ப்பூர் ஆகிய இடங்களில் எடுத்தார்கள். 1965இல் வந்த அப்படம் பெரும் புகழ் பெற்றது. நாராயணுக்கோ தீராத மனக்குறை. ஊரை நீக்கியபோது ஊரோடு ஒட்டிய மதிப்புகளையும் மனிதர்களையும் நீக்கிவிட்டார்கள் என்ற கருத்துப்பட ஒரு கட்டுரையே எழுதினார். ஆக, ஆசிரியரின் வழக்கு இது: மால்குடி எங்கும் இல்லை, ஆனால் எங்கு வேண்டுமானாலும் இல்லை. இவ்விரு கூற்றுக்கும் இடையிலுள்ள குறுகலான வழியில்தான் சங்கர் நாக் நடக்கவேண்டியிருந்தது.

அவர் தேர்ந்தெடுத்த இடம் ஆகும்பே. இங்கே நம் தொல்காப்பியர் வந்து குறுக்கிடுகிறார். நிலமும் பொழுதுமே முதற்பொருள். அவை மாறினால் கருவும் உரியும் மாறும் என்பது அவர் வகுத்த நெறி. நாவல்களில் காணும் மால்குடி, சரயு என்னும் ஆறு ஓடும் சமவெளி நகரம். வினாயக முதலி தெரு, எல்லம்மன் தெரு, நல்லப்பா தோப்பு, சந்தைச் சாலை, லாலி விரிவாக்கம் என்று விரியும் ஊர். பள்ளிகள் உண்டு, நகராட்சியும் அச்சகமும் உண்டு. புழுதியும் வெயிலும் நிரம்ப உண்டு. மெம்பி மலையும் காடும் தொலைவில் நிற்கின்றன; சுவாமி அங்கே வழி தவறியபோது அது அவனுக்கு வேறோர் உலகமாகவே அச்சுறுத்துகிறது. ஆகும்பேயோ அந்தக் காட்டின் நடுவிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில், கடற்காற்று மோதி நிற்கும் இடத்தில் அமைந்த ஊர். மைசூரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவு. ஆகும்பேயில் 7,000 மில்லிமீட்டருக்கும் மேல். தென்னாட்டுச் சிரபுஞ்சி என்று இதனை வழங்குவர். சுவரெங்கும் பாசி. கூரைகள் செங்குத்தாக இறங்கித் திண்ணையை மறைக்கின்றன. கருநாகம் நிறைந்த காடு. அதனை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் 2005ஆம் ஆண்டு முதல் இங்கு உள்ளது. சுருங்கச் சொன்னால் மருதமும் பாலையும் விரவிய ஓர் ஊரைக் கொண்டுவந்து குறிஞ்சியில் நட்டுவிட்டார் இயக்குநர்.

இலக்கணப்படி இது வழுவே. ஆயினும் பார்த்தோர் எவர்க்கும் அது வழுவாகத் தோன்றவில்லை என்பதுதான் வியப்பு. ஏன்?

விடை தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. நம் இல்லங்களிலேயே உள்ள சீறாப்புராணத்தைப் புரட்டினாற் போதும். உமறுப்புலவர் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை வருணிக்கப் புகுந்தவர், முகிலை எழுப்பி, மலையில் மழை பொழிவித்து, ஆற்றைப் பெருக்கி, வயலில் நெல் விளைவித்து, உழவரையும் உழத்தியரையும் உலவ விடுகிறார். எங்கள் உஸ்தாத் ஒருவர், அரபு நிலநூல் கற்றவர், இப்படலத்தை நடத்தும்போதெல்லாம் புன்னகைப்பார். ‘புலவர் கப்பலேறவில்லை, காயலுக்கும் கீழக்கரைக்கும் இடையே மாட்டுவண்டியில் போனார்’ என்பது அவருடைய உரை. ஆனால் மனம் நிறைந்த செழுமையைத் தமிழ்க் காதுக்கு உணர்த்துவதற்கு நெல்வயலைவிட வேறு சொல் புலவரிடம் இல்லை. மணலை மணல் என்றே பாடியிருந்தால் அது தமிழனுக்குப் பாலையாகியிருக்கும். பாலை பிரிவின் நிலமாயிற்றே! மெய்யான நிலத்தைக் கைவிட்டு மெய்யான உணர்ச்சியைப் புலவர் காத்துக்கொண்டார்.

சங்கர் நாக் செய்ததும் இவ்வகையினதே என்பது என் துணிபு. நாராயணின் சுவாமி வாழ்ந்தது 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலம். 1986இல் மைசூரும் பெங்களூரும் அக்காலத்தை விட்டு வெகுதூரம் வந்திருந்தன. எங்கு நோக்கினும் கான்கிரீட்டும் விளம்பரப் பலகையும். சமவெளியில் எங்கும் கிடைக்காத அந்தப் பழைய மந்தமான பொழுது, மழை காத்துவைத்த காரணத்தால், மலைமேல் கிடைத்தது. நிலம் பொய், பொழுது மெய். இயக்குநர் நிலத்தைக் கொடுத்துப் பொழுதை வாங்கினார். ராஜஸ்தானத்துக்குப் போனவர்களோ நிலத்தையும் கொடுத்துப் பொழுதையும் கொடுத்து வண்ணத்தை வாங்கினார்கள். இரண்டு இடமாற்றங்களுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இதனை நான் நூலகத்தில் அமர்ந்து கண்டுகொண்டேனல்லேன். ஆகும்பேயின் தெருவில் நின்றபோதுதான் கண்டேன். அத்தெரு அவ்வளவு சிறியது. நூறடி நடந்தால் தெரு முடிந்து காடு தொடங்குகிறது. ஒரு நகரத்தையே காட்டிய ஒளிப்பதிவுக் கருவி, எந்தக் கோணத்தில் நின்றால் அடுத்த மரம் தெரியாதோ அந்தக் கோணத்தில் நின்றிருக்கவேண்டும். தொடரில் தெருக்காட்சிகள் பெரும்பாலும் அண்மைக் காட்சிகளாக, முகங்களும் கடைமுகப்புகளுமாக இருந்ததன் காரணம் அங்கே விளங்கிற்று. அந்த நெருக்கத்தையே நாம் அன்பு என்று எடுத்துக்கொண்டோம். அது தவறும் அன்று.

சுவாமியின் வீடாகக் காட்டப்பட்ட இல்லத்தை ஊரார் ‘தொட்டமனெ’ என்பர். பெரிய வீடு என்று பொருள். நூற்றாண்டைக் கடந்த வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் மரத்தூண்கள், உயர்ந்த படிகள். மாம்பழக் கணக்கைச் சுவாமி செய்ய இயலாமல் திணறிய காட்சியை நினைத்துக்கொண்டேன். பழம் கனிந்ததா, காயா என்பதை அறியாமல் விலை எப்படிச் சொல்வது என்று அவன் தடுமாறும் இடம், நாவலிலும் தொடரிலும் ஒருங்கே சிறந்தது. கர்னாடின் கண்டிப்பான முகத்திற்கும் மஞ்சுநாத்தின் கலங்கிய கண்களுக்கும் பின்னே நின்ற தூண்கள் அவ்வளவு கனமானவை என்பதைக் கண்டதும், அச்சிறுவன் ஏன் அவ்வளவு சிறியவனாகத் தோன்றினான் என்பதும் தெரிந்தது. தந்தையின் அதிகாரத்தை நடிகருக்கு முன்னரே வீடு நடித்துவிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு குறையையும் கூறத்தான் வேண்டும். நாவலில் சுவாமியின் பாட்டி எங்கே இருக்கிறாள்? கூடத்திற்கும் உண்ணும் அறைக்கும் இடைப்பட்ட, காற்றோட்டமில்லாத இருண்ட இடைவழியில், ஏலமும் கிராம்பும் போட்டுவைத்த பெட்டியுடன் தன் சொத்து அனைத்தையும் சுற்றி வைத்துக்கொண்டு இருக்கிறாள். அந்த ஒரு வரிச் செய்தியில், நடுத்தரக் குடும்பங்களில் முதியோருக்கு நாம் ஒதுக்கும் இடம் எது என்பதை நாராயண் குரலுயர்த்தாமல் சொல்லிவிடுகிறார். நம் வீடுகளிலும் உம்மாமார்களின் பெட்டி எந்த மூலையில் கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வலிக்கும். பாக்குத் தோட்டச் செல்வம் கட்டியெழுப்பிய இந்த விசாலமான மனையில், முற்றத்து ஒளி எல்லா மூலைகளுக்கும் பாய்கிறது. அந்த இருட்டு இடைவழிக்கு இங்கே பொருளில்லை. வக்கீல் சீனிவாசனின் தெருவீடு நிலக்கிழாரின் மாளிகையானபோது, நாவலின் மெல்லிய சுடுசொல் ஒன்று கரைந்துபோயிற்று. தொடரைப் பார்த்துப் பழங்காலம் எவ்வளவு இனியது என்று பெருமூச்செறிவோர் பலர். நாராயணின் பழங்காலம் அவ்வளவு இனியதன்று. பிரம்படியும் அச்சமும் கலந்தது. அதற்கு இனிமை ஏற்றியதில் இந்த வீட்டிற்கும் பங்குண்டு.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்ப் பெயர் கொண்ட தெருக்களை, மைசூரில் வாழ்ந்த தமிழர் ஆங்கிலத்தில் எழுதினார். கன்னட நாட்டுக் கலைஞர்கள் பலர் கூடி, மலைநாட்டுச் சிற்றூரில், அதனை இந்தியில் நடித்தனர். வினாயக முதலி தெருச் சிறுவன் இந்தி பேசுவதைத் தமிழ்நாட்டுச் சன்னலோரத்தில் நின்ற எங்களுக்கு ஒருவர் திரும்பத் தமிழாக்க வேண்டியதாயிற்று. ஊர் மாறியதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். மொழி மாறியதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதற்கென்று சென்று காணக்கூடிய இடம் இல்லாமையே காரணம்போலும்.

தொட்டமனெயின் முன் நான் நின்ற ஒரு மணி நேரத்தில் மூன்று குடும்பங்கள் வந்தன. மூத்தோர் கண்கலங்கினர், இளையோர் படமெடுத்தனர். ஓர் அன்பர், தெருவில் பந்து விளையாடிய சிறுவனை அழைத்துத் திண்ணையில் அமரச் சொல்லி, “சுவாமி மாதிரி” கன்னத்தில் கை வைக்கச் சொன்னார். அவன் வழக்கமாகச் செய்வதுபோல வைத்தான். படம் முடிந்ததும் ஓடிவிட்டான். அவனுடைய பெயரை அவர் கேட்கவில்லை. எனக்கு அது உறுத்திற்று. நானும் கேட்கவில்லை என்பதை இரவில்தான் உணர்ந்தேன். அரபுக் கவிஞன் நின்ற பாழிடத்தில் எவரும் இல்லை. ஆகையால் அவன் அழுகை எவரையும் இடையூறு செய்வதில்லை. நாம் செல்லும் இடத்திலோ மக்கள் குடியிருக்கிறார்கள். துணி உலர்த்துகிறார்கள், பாக்கு உரிக்கிறார்கள். அவர்களுள் பலர், அல்லது அவர்களுடைய பெற்றோர், அன்று அத்தொடரில் தெருவில் நடப்போராகவும் சந்தையில் கூடுவோராகவும் தோன்றியவர்கள். நாற்பதாண்டுகளுக்கு முன் சில மாதங்கள் நடந்த ஒரு நடிப்புக்காக, இன்னும் நடித்துக்கொண்டே இருக்குமாறு அவர்களை வேண்டுகிறோம். குடியிருக்கும் வீட்டை அத்லாலாக்கி அழுகிறோம். அபூ நுவாஸ் இருந்திருந்தால் என்ன பாடியிருப்பார்!

ஆகும்பேயிலிருந்து அரசாளு என்னும் ஊருக்குச் சென்றேன். தொடரின் ரயில் நிலையக் காட்சிகள் எடுக்கப்பட்ட இடம் அது. அதே சிவமொக்கா மாவட்டமாயினும் ஆகும்பேக்கு அண்மையதன்று. திரையில் ஒரே ஊராகத் தோன்றிய தெருவுக்கும் நிலையத்துக்கும் இடையே மலையும் காடும் தோட்டமும் கடந்து நெடுநேரம் பேருந்தில் செல்லவேண்டியிருக்கிறது. காக்கா உடன் வந்திருந்தால் இப்பயணத்தில்தான் அவருடைய நம்பிக்கை தளர்ந்திருக்கும் என்று எண்ணுகிறேன். சுவாமி சில நிமிடங்களில் ஓடிக் கடந்த தொலைவல்லவா இது!

படப்பிடிப்புக் காலத்தில் மீட்டர் கேஜ் பாதையாக இருந்த சிவமொக்கா – தாளகுப்பா வழி இன்று அகலப் பாதை. பழைய நிலையக் கட்டடம் கைவிடப்பட்டுக் கிடந்தது. அதனைத் தென்மேற்கு ரயில்வே செப்பனிட்டு, ‘மால்குடி அருங்காட்சியகம்’ என்று பெயரிட்டு 2020ஆம் ஆண்டில் திறந்தது. கதைகளை நினைவூட்டும் ஓவியங்களும் உருவங்களும் வைத்திருக்கிறார்கள். ரயில் பெட்டியொன்றில் தேநீரும் உண்டு. ஓட்டுக் கூரையும் மரச்சட்டங்களும் பழைமை கெடாமல் இருக்கின்றன. இடித்துத் தள்ளாமல் காத்தார்களே என்று முதலில் மனம் நன்றி கூறிற்று.

ஆனால் சற்று நேரம் சென்றதும் வேறோர் எண்ணம் எழுந்தது. மதரஸாக்களில் நூல் பயில்வோர் மத்ன், ஷரஹ், ஹாஷியா என்னும் மூன்றையும் அறிவர். மத்ன் என்பது மூலம். அதனைச் சூழ்ந்து அமைவது ஷரஹ் எனும் உரை. உரைக்கும் புறத்தே, ஏட்டின் ஓரத்தில், சாய்த்தும் கவிழ்த்தும் எழுதப்படுவது ஹாஷியா. நாராயணின் நாவல் மத்ன் எனின், சங்கர் நாகின் தொடர் நல்லதொரு ஷரஹ். மூலத்தோடு சில இடங்களில் மாறுபட்டும், மூலத்தை விளக்கியது. இந்த அருங்காட்சியகம் ஹாஷியா. ஓரத்தில் இருக்கும்வரை அதனால் பயனுண்டு. ஓரத்துக் குறிப்பு பெருகிப் பெருகி மூலத்தின் மேலேயே ஏறி எழுதப்பட்ட பழைய ஏடுகள் சிலவற்றை நான் கண்டிருக்கிறேன். அவற்றில் மூலத்தை ஓத இயலாது. இந்த நிலையத்திற்கே மால்குடி என்று பெயர் மாற்றலாம் என்ற பேச்சும் 2019ஆம் ஆண்டில் எழுந்தது. அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகை மால்குடி என்கிறது. இந்நிலத்தில் உழுது வாழ்ந்தோர் தம் ஊருக்கு இட்ட பெயரோ அரசாளு. கற்பனையூருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்பதற்காக, மெய்யூர் ஒன்று தன் பெயரை இரவல் தருவது முறையா?

நாராயண் இதனை ரசித்திருப்பார் என்று கூறுவோர் உளர். சிலை ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு நகராட்சி படும் பாட்டை லாலி சாலைக் கதையில் அவ்வளவு நகைச்சுவையோடு எழுதியவர், இதையும் ஒரு கதையாக்கியிருப்பார். அவ்வளவே என்னால் சொல்ல முடியும்.

பழைய நடைமேடையின் ஓரத்தில் அமர்ந்தேன். முதல் நாவலின் இறுதி நிலையத்தில்தான் நிகழ்கிறது. ராஜம் ஊரைவிட்டுப் போகிறான். கோபம் தீராதவனாகப் பெட்டிக்குள் அமர்ந்திருக்கிறான். சுவாமி ஒரு புத்தகத்தைக் கையிற் கொண்டு ஓடி வருகிறான், வண்டி நகர்கிறது, புத்தகம் எப்படியோ கைமாறுகிறது. ராஜம் மன்னித்தானா, இல்லையா என்பதை நாராயண் சொல்லவில்லை. அன்று சன்னலோரத்தில் நான், “என்ன சொன்னான் காக்கா?” என்று கேட்டேன். “போயிட்டு வாரேன், கடிதம் போடுறேன்னு சொன்னான்” என்றார் காக்கா. பல ஆண்டுகள் கழித்து மூலத்தைப் படித்தபோது, அப்படி ஒரு சொல் அங்கே இல்லை என்று கண்டு திடுக்கிட்டேன். அவரிடம் கேட்டதற்குச் சிரித்தார். பதினாறு வயதில் பிரிந்து மதரஸாவுக்குத் திரும்பவிருந்த தம்பிக்கு வேறென்ன மொழிபெயர்ப்பது?

இவ்வளவு தொலைவு வந்து, அக்காட்சி எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று தூண் தூணாகப் பார்த்தேன். கரி படிந்த கல்லைப் போல எதுவும் அகப்படவில்லை. அந்தப் பொய்ச் சொல் சொல்லப்பட்ட இடம் அரசாளு அன்று. எங்கள் தெருச் சன்னலோரம். அந்த வீட்டையும் இடித்து மாடிவீடு கட்டிவிட்டார்கள்.

பிற்பகலில் புதிய நடைமேடையில் ஒரு வண்டி வந்து நின்றது. தோளில் மூட்டையுடன் முதியவர் ஒருவரும், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியும் இறங்கினர். அருங்காட்சியகத்தின் பக்கம் இருவரும் திரும்பியே பார்க்கவில்லை. வண்டிக்குள்ளிருந்த பயணி ஒருவர் அப்பெயர்ப்பலகையைக் கண்டு குழம்பியவராய்ச் சன்னல் வழியே தலையை நீட்டி, இது எந்த ஊர் என்று கன்னடத்தில் கேட்டார். சிறுமி நடந்தவாறே, “அரசாளு” என்றாள்.